அவர் சொல்லி முடிக்கும்வரை

என் கணவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடிப்பது நான்தான். இருபத்தொரு வருடம் அப்படித்தான் போனது. அவர் நிதானமாகப் பேசுகிறவர். சின்ன விஷயத்தைச் சொல்வதற்கும் எங்கோ தொலைவிலிருந்து ஆரம்பிப்பார். "நேத்து ஆபீஸ்லேர்ந்து வரும்போது... இல்ல, நேத்து இல்ல, முந்தாநாள், மழை தூறுச்சே, அன்னிக்கு..." என்று அவர் நாளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே நான், "லிஃப்ட் வேலை செய்யல, அதானே? செக்ரட்டரிகிட்ட சொல்லியாச்சு" என்று முடித்துவிடுவேன். அவர் சிரித்துக்கொண்டு "ஆமா" என்பார். சில சமயம் அந்த "ஆமா"வுக்கு முன்னால் கொஞ்சம் தயங்குவார். அந்தத் தயக்கத்தையும் நான் ஆமாவாகவே எடுத்துக்கொண்டேன்.

பொறுமை என்பது எனக்கு வாய்க்கவே இல்லை. மைக்ரோவேவ் நிற்க மூன்று விநாடி இருக்கும்போதே கதவைத் திறந்துவிடுவேன். லிஃப்ட் பொத்தானை இரண்டு தடவை அழுத்துவேன். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் அனுப்புகிற குரல்பதிவுகளை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்பேன். ஒருமுறை அவள் அழுதுகொண்டே பேசி அனுப்பியிருந்தாள். அந்த வேகத்தில் அழுகை சிரிப்பு மாதிரிக் கேட்டது. நானும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பிவிட்டேன்.

வேலையும் அதற்கேற்ற வேலை. தி. நகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், மளிகைச் சாமான்களைப் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு அனுப்புகிற நிறுவனம் ஒன்றின் கிடங்குக்கு நான் பொறுப்பு. ஆர்டர் விழுந்ததும் திரையில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பிக்கும். கொத்தமல்லிக் கட்டை எந்த அலமாரிக்கு மாற்றினால் நாலு அடி நடை மிச்சமாகும் என்று யோசிப்பதிலேயே என் பகல்கள் கழிந்தன. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மந்தைவெளியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவருக்கு இட்லி வைத்துவிட்டு, நான் ஃபோனில் கிடங்குக் குழுவுக்குச் செய்தி தட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "அந்த... அந்த..." என்றார்.

"சட்னியா?" கிண்ணத்தை நகர்த்தினேன்.

தலையை ஆட்டினார். "அந்த..."

"பொடியா? எண்ணெயா? தண்ணியா? எதுன்னு சொல்லுங்களேன், எனக்கு நேரமாகுது."

அன்று எனக்கு எங்கும் நேரமாகவில்லை. வாய்க்குப் பழகிப்போன வாக்கியம் அது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் கையிலிருந்த இட்லித் துண்டு மேசைமேல் விழுந்து கிடந்தது. விரல்கள் மட்டும் இன்னும் அதைப் பிடித்திருப்பதுபோலக் குவிந்திருந்தன. உதட்டின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது.

காவலாளியும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து அவரைக் காரில் ஏற்றினார்கள். அன்று நான் ஓட்டியதைப்போல இனி ஓட்ட முடியாது. ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. லஸ் சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே ஒரு ஆட்டோவை உரசாத குறையாகத் தாண்டினேன். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர், "சீக்கிரம் கொண்டு வந்துட்டீங்கம்மா. இதுல எல்லாமே நேரந்தான்" என்றார். என் அவசரம் அன்று ஒரு உயிரைக் காப்பாற்றியது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் சட்னியா, பொடியா, எண்ணெயா என்று நான் அடுக்கிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தை மட்டும் டாக்டரிடம் சொல்லவில்லை.

வலது கை பத்து நாளில் பிடிக்கத் தொடங்கியது. இரண்டாவது வாரம் வீடு திரும்பியபோது அவர் தானாகவே நடந்து உள்ளே வந்தார். பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிந்தது. செய்தித்தாளைப் புரட்டினார், தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்து ஆட்டக்காரர்களைச் சைகையால் திட்டினார். வாயைத் திறந்தால் "அந்த" என்ற ஒரே சொல். டாக்டர் என்னிடம், "வார்த்தை எதுவும் தொலைஞ்சு போகல. எல்லாம் உள்ளதான் இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடிபட்டிருக்கு" என்றார். பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார்.

அடையாறில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அந்தப் பயிற்சி அறை இருந்தது. பயிற்சியாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தலையில் முக்காடு போட்டு, ராயப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பெண். முதல் நாள் அவர் முன்னால் ஒரு படத்தை வைத்தாள். சாவியின் படம்.

"இது என்ன சார்?"

அவர் படத்தைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது.

"சாவி" என்றேன் நான்.

அவள் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "ஆன்ட்டி, நீங்க சொல்லிட்டீங்க. இனிமே அவர் தேடமாட்டார். தேடினாத்தான் வழி உண்டாகும். நீங்க எடுத்துக் குடுக்கக் குடுக்க அந்த வழி மூடிக்கிட்டே போகும்."

"எவ்வளவு நேரம்மா விடறது?"

"மனசுக்குள்ள முப்பது எண்ணுங்க."

"வரலேன்னா?"

"இன்னொரு முப்பது."

எங்கள் கிடங்கில் அறுபது விநாடிக்குள் ஒரு பை கட்டி வண்டிக்காரர் கைக்குப் போய்விடும். முதல் வாரம் அந்த நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். கால் தானாக ஆடியது. பற்களுக்கு நடுவில் நாக்கை வைத்துக் கடித்துக்கொண்டேன். எண்ணும்போதே ஏமாற்றினேன்; பன்னிரண்டிலிருந்து இருபதுக்குத் தாவினேன்.

பிறகு, வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். இருபத்தொரு வருடமாகப் பார்த்த முகம். ஆனால் ஒரு சொல்லைத் தேடும்போது அந்த முகத்தில் என்ன நடக்கும் என்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்கு நேரம் கொடுத்ததே இல்லையே. கண் முதலில் கீழே இறங்கும். புருவம் நெருங்கும். தொண்டையில் ஒரு சின்ன அசைவு தெரியும். உதடு ஒரு வடிவம் எடுக்கும், அதை விட்டுவிட்டு வேறொரு வடிவம் எடுக்கும். குடையின் படத்தைக் காட்டியபோது அப்படி வெகுநேரம் போராடி, "மழை" என்றார்.

நான் ஏமாந்துபோனேன். பயிற்சியாளர் கைதட்டினாள். "பாத்தீங்களா ஆன்ட்டி? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டார்!"

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. குடையும் மழையும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். சாவிக்கு "பூட்டு" என்றார், பிறகு "வீடு" என்றார். வளையலுக்கு "கை". தப்பான ஒரு சொல்கூட வேற்றூரிலிருந்து வரவில்லை. ஒரு மனிதனின் தலைக்குள் இப்படியொரு ஊர் இருக்கிறது, அதில் தெருக்கள் இருக்கின்றன, யார் யாருக்கு அண்டை என்று ஒழுங்கு இருக்கிறது. எனக்குள்ளும் அது இருந்திருக்கிறது, நான் அந்தத் தெருக்களில் ஹாரன் அடித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அவள் அவரிடம் வயது கேட்டாள். நாற்பத்தெட்டு என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் யோசித்தார். விரலால் மேசையில் கோடு போட்டார். முப்பது எண்ணி முடித்தேன், அடுத்த முப்பதும் பாதி போய்விட்டது. திடீரென்று ராகம் போட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவர் குரல் கிளம்பியது.

"ஓர் பதினாறு பதினாறு. ஈர் பதினாறு முப்பத்திரண்டு. மூ பதினாறு... நாற்பத்தெட்டு."

அங்கே நிறுத்தி, மேசையை ஒரு தட்டுத் தட்டினார். "நாற்பத்தெட்டு."

அந்தப் பெண் அடுத்த படத்தை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆதம்பாக்கத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கோரஸாகப் பாடிய வாய்ப்பாடு, அத்தனை இடிபாட்டுக்கு நடுவிலும் ஒரு செங்கல் பெயராமல் நின்றிருக்கிறது. நேர்வழி அடைபட்டதால், தன் வயதை எடுத்துவர அவர் அவ்வளவு தூரம் சுற்றிப் போயிருக்கிறார். கீழே இறங்கி வந்ததும் நான் காரை எடுக்கவில்லை. அடையாறு மேம்பாலத்தின்மேல் வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் தோளைத் தட்டி, போகலாம் என்று சைகை காட்டினார்.

வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வீட்டிலும் பயிற்சிதான். "வியாழன்" என்று சொல்ல அவர் ஞாயிறிலிருந்து புறப்பட வேண்டும். நானும் கூடவே மௌனமாக நடப்பேன். எப்போதும் அப்படி நல்லவளாக இருந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மாலை காபியா டீயா என்று கேட்டுவிட்டு அடுப்பின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது. "ரெண்டுல ஒண்ணு சொல்ல இவ்வளவு நேரமா!" என்று கத்திவிட்டேன். அவர் பால்கனிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் ஒரு சொல்லும் தேடவில்லை. பயிற்சியாளரிடம் சொன்னபோது அவள், "எங்க வீட்லயும் நான் அப்பாகிட்ட கத்துவேன் ஆன்ட்டி. வேலைல மட்டுந்தான் இந்தப் பொறுமை" என்றாள். அந்தப் பதில் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

ஐந்து மாதம் போனபின் ஒரு காலை, மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய் வாங்கப் போனோம். எப்போதும் வாங்குகிற அம்மாள், தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். நான் பையை நீட்டினேன். அவர் என் கையைத் தடுத்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நானே கேட்கிறேன் என்று அர்த்தம்.

"இன்னா நைனா வோணும்?" என்றாள் அந்த அம்மாள்.

"பி..." என்றார் அவர். நின்றுவிட்டது.

எங்களுக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் வந்து நின்றார். ஸ்கூட்டரை அணைக்கவும் இல்லை. "யக்கா, ரெண்டு கட்டு கீரை மட்டும். குட்தீனா நான் போய்க்கினே இருப்பேன்."

"பி... பி..."

பீர்க்கங்காய். எனக்குச் சந்தேகமே இல்லை. பீர்க்கங்காய்த் துவையல் என்றால் அவருக்கு உயிர். பீர்க்கங்காய் அதோ அவர் காலடியிலேயே குவிந்து கிடந்தது. நான் மனத்துக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. பின்னால் நின்றவர், "இன்னாங்க, காலைல ஆபீஸ் போற நேரத்துல..." என்று இழுத்தார்.

அந்த அம்மாள் தராசுத் தட்டைக் கையில் பிடித்தபடியே ஸ்கூட்டர்காரரை ஏறிட்டுப் பார்த்தாள். "இரு நைனா. அவர் சொல்லிக்கினு கீறாரு இல்ல? வாய்க்கு வரட்டும். கீரை எங்கயும் ஓடிப்பூடாது."

அவளுக்கு யாரும் முப்பது எண்ணச் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தக் காயையும் எடுத்துக் காட்டி இதுவா அதுவா என்று அவள் கேட்கவும் இல்லை. வெறுந்தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஸ்கூட்டர் சத்தம் நின்றது.

"பி... ர... பிரண்டை."

"பிரண்டையா!" அவள் முகம் மலர்ந்தது. "சொன்னே பாரு! மேல வெக்கல, யாரு கேக்குறா இப்போ? அடில கீது, எடுக்கறேன் இரு."

பிரண்டையை அவர் விரும்பிச் சாப்பிட்டதே இல்லை. நறுக்கும்போது கை அரிக்கும் என்று நானும் வாங்குவதில்லை. பின்னால் இருந்தவர் இப்போது ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார். "எதுக்குண்ணே பிரண்டை?" என்றார், அக்கறையாகவே. கேட்ட பிறகுதான், இதற்கும் பதில் வர நேரம் ஆகும் என்பது அவருக்குப் புரிந்தது. தப்பிக்கவில்லை. நின்றார்.

என் கணவர் என் காலைக் காட்டினார். "இவ... முட்டி. வலி."

ஆஸ்பத்திரியில் அலைந்த நாட்களில் படியில் சறுக்கி என் முழங்காலில் அடிபட்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. அவர் இருக்கும் நிலையில் அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்திருந்தேன். நான் படியேறும்போது கைப்பிடியைப் பிடிப்பதை, உட்கார்ந்து எழும்போது முகத்தைச் சுளிப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பார்த்ததைச் சொல்லாக்கி எனக்குக் கொடுக்க அவருக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. நான் முந்திக்கொண்டு "பீர்க்கங்காய்" என்று சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? சிரித்துக்கொண்டு "ஆமா" என்றிருப்பார்.

பை நிறையப் பிரண்டையோடு வீட்டுக்கு வந்தேன். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கும்போது அந்த ஆமாக்களைத்தான் நினைத்தேன். எத்தனை ஆயிரம் இருக்கும்? அவற்றில் எத்தனைக்குப் பின்னால் வேறு சொல் நின்றிருந்தது? எண்ணிப் பார்க்க வழியில்லை.

பிறகு நான் பாதி நேர வேலைக்குத் திரும்பினேன். கிடங்கில் அதே சிவப்பு எண்கள். அங்கே நான் முன்புபோலத்தான் விரட்டினேன். வேறு விதமாக அந்த வேலையைச் செய்ய முடியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இருவரும் நடக்கப் போவோம். ஒருநாள் பெசன்ட் நகர் கடற்கரையில் வடக்காக, மீனவர் குப்பத்தைத் தாண்டி, அடையாறு ஆறு கடலில் சேரும் இடம்வரை நடந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. அங்கே மணல்மேல் உட்கார்ந்ததும் அவர் பேச ஆரம்பித்தார்.

அவர் சொன்ன கதையை நான் இங்கே கோர்த்துச் சொல்கிறேன். அவர் சொன்னது துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் அலை வந்து திரும்பும் நேரம் இருந்தது.

அவர் வேலையில் சேர்ந்த புதிது. ஒரு கட்டுமான நிறுவனத்துக்காக இதே இடத்தில் அளவு எடுக்க வந்திருக்கிறார். நல்ல மழைக்குப் பிந்தின நாள். ஆறு நிரம்பித் தளும்பி நிற்கிறது, ஆனால் கடலில் சேர முடியவில்லை. நடுவில் மணல் மேடு கட்டி வழியை அடைத்திருக்கிறது. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடல், நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி மணல். வயதான மீனவர் ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றி வைத்தார். ஆற்றின் ஓரத்திலிருந்து கடல்வரை மணலில் குதிகாலால் ஒரு கோடு இழுத்தார்.

"கோடு" என்ற சொல்லுக்கு என் கணவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் தன் குதிகாலால் மணலில் இழுத்துக் காட்டிவிட்டு அதன் பிறகு சொன்னார்.

அந்தக் கோட்டில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் புறப்பட்டது. கொஞ்ச நேரத்தில் கை அகலம். கரை இடிந்து இடிந்து விழ, முழ அகலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பளவு ஆழம். அளவு எடுக்க வந்தவர் நாடாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாராம். ஒரு மணி நேரத்துக்குள் அங்கே ஒரு ஆறு, பழுப்புத் தண்ணீர் கடலுக்குள் வெகுதூரம் பாய்ந்து போகிறது.

"மு..." என்றார். நான் எண்ணவில்லை. எண்ணுவதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. "முகத்துவாரம்" என்றார், ஒரு எழுத்தும் தடுக்காமல். அவ்வளவு நீளமான சொல். அவரே திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். காபி என்று சொல்லத் திணறுகிற வாயிலிருந்து அது தங்கக் காசு மாதிரி விழுந்தது. நான் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன்.

"இத்தனை வருஷம் ஏன் இதைச் சொல்லல?" என்று கேட்க வாயெடுத்தேன். பதில் எனக்கே தெரியும். இதை அவர் பலமுறை தொடங்கியிருக்கிறார். "நான் வேலைல சேர்ந்த புதுசுல, அடையாறு பக்கம்..." என்று ஆரம்பிப்பார். நான், "அந்த முதலாளி சம்பளத்தை இழுத்தடிச்சாரே, அதானே?" என்று முடித்திருக்கிறேன்.

கதை முடிந்துவிட்டது என்று நினைத்து மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். அவர் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். முகம் சிவந்து, ஏதோ ஒன்றை அடக்க முடியாமல் தவித்தார். சொல் வருவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தப் பெரியவர்..." என்று எதிர்க்கரையைக் காட்டினார். "கோடு... இழுத்து... அந்தப் பக்கம் போயிட்டார்."

"சரி."

"ஆறு... பெரிசு ஆயிடுச்சு."

"ஆமா."

மறுபடியும் சிரிப்பு. கண்ணில் நீர் வந்தது. நான் காத்திருந்தேன். இரண்டு அலை போனது, மூன்றாவதும் போனது. நாய் ஒன்று எங்களை முகர்ந்துவிட்டுப் போனது.

"செருப்பு" என்றார். "செருப்பு... இந்தப் பக்கம்."

பழையபடி நான் முந்திக்கொண்டு முடித்திருந்தாலும், இப்படியொரு முடிவு எனக்கு எந்தக் காலத்திலும் தோன்றியிருக்காது. அந்த மனிதர் அடையாறு பாலம்வரை வெறுங்காலோடு நடந்து சுற்றி வந்து, தன் செருப்பை மாட்டிக்கொண்டு, இவரைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசாமல் போனாராம். அதைச் சொல்ல அவருக்கு இன்னும் கால் மணி நேரம் ஆனது. ஆளில்லாத அந்த மணலில் நாங்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.